வலை எங்களுடையது

எண்பத்து மூன்றாம் வருடம் மார்ச் மாதம், எங்கள் வடக்கு டகோட்டா மாநிலக் கல்லூரிகளுக்குள் பெண்களுக்கான கூடைப்பந்துப் போட்டி முதன்முதலாக நடந்தது. கோப்பையை யார் வாங்கினார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எல்லோரும் அந்த வருடத்தைக் கடந்துவிடுகிறார்கள். வாங்கியது நாங்கள்தான், ஹார்லன் கல்லூரி. ஆனால் கோப்பையா முக்கியம்? அது கல்லூரி அலமாரிக்குப் போய்விடும். ஜெயித்த அணி ஏணியில் ஏறி, வளையத்தில் தொங்கும் வலையை ஆளுக்கொரு கயிறாக வெட்டி, கடைசிக் கயிற்றைக் கோச் வெட்டி எடுப்பாரே, அதுதான் ஆடியவர்களுக்குச் சொந்தம்.

அன்று காலையிலேயே அரங்கத்துக்கும் போட்டிக்கும் பொறுப்பான டால்கிரன் என்ற மகானுபாவர் இரண்டு அணிகளையும் கூப்பிட்டார். சாயங்காலம் அதே அரங்கில் ஆண்களுக்கு இறுதி ஆட்டம் இருக்கிறதாம். அதனால் நாங்கள் வலையைத் தொடக்கூடாதாம், கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டுமாம். தன் வீட்டுக் கூடத்தை இரவல் கொடுப்பவர் மாதிரி பேசினார்.

"ஆம்பளைங்க வெட்டினா வெற்றி, நாம வெட்டினா சேதாரமா?" என்றாள் எங்கள் கேப்டன் பெவ்.

கோச் மார்லிஸ் அவளை அடக்கினார். முதலில் ஜெயியுங்கள், பிறகு வாயைத் திறக்கலாம் என்றார். இத்தனை வருடங்களில் டால்கிரன் முன்னால் அவர் குரல் உயர்ந்ததே இல்லை. உயர்ந்தால், விடிவதற்கு முன்னால் எங்களுக்குக் கிடைக்கிற பயிற்சி நேரமும் பறிபோகும். அவர் பயந்தார் என்று நாங்கள் நினைத்தோம். பயந்தது உண்மைதான்.

எதிரணி வெஸ்ட்புரூக். அவர்களுடைய லோர்னா பனைமரம் போல நின்று, நான் எறிந்ததையெல்லாம் ஈ ஓட்டுகிற மாதிரி தட்டிவிட்டாள். கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பெவ் பந்தைப் பிடுங்கி என்னிடம் வீசினாள். நான் பாய்ந்தேன், லோர்னா என் கையில் அடித்தாள், எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் குறுக்கே வராமல் எறியலாம். ஆண்கள் ஆட்டத்துக்கு இடம் பிடிக்க முன்கூட்டியே வந்திருந்தவர்கள் பாப்கார்ன் மெல்வதை நிறுத்தினார்கள். முதலாவது நேராக விழுந்தது. இரண்டாவது வளையத்தைச் சுற்றிச் சுற்றி என் உயிரை வாங்கிவிட்டு உள்ளே விழுந்தது. அவர்களுடைய கடைசி எறிவு பலகையில் பட்டுத் தெறித்தது, மணி அடித்தது. தொண்டை கிழியக் கத்தினோம்.

பெவ் நேராக ஏணியைத் தேடி ஓடினாள். சாமான் அறை பூட்டியிருந்தது. சாவி டால்கிரன் சட்டைப்பையில். ஆண்கள் உடம்பைச் சூடேற்ற வரும் நேரமாகிவிட்டது, இடத்தைக் காலி பண்ணுங்கள் என்றார். விரல் முறிந்தபோதுகூட அழாத பெவ்வின் கண் நிறைந்துவிட்டது.

அப்போது மார்லிஸ் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். எங்கள் கணுக்காலுக்குக் கட்டுப்போட ஆள் கிடையாது, அவரேதான் போடுவார், அதனால் அது எப்போதும் அவரிடம் இருக்கும். பெவ்விடம் நீட்டி, "வெட்டு" என்றார்.

எப்படி எட்டும்? பெவ் என் தோளில் ஏறினாள். குள்ளச்சி நான், தள்ளாடினேன், அவள் கீழே குதித்தாள். யாரோ என்னை ஒதுக்கித் தள்ளினார்கள். லோர்னா. முகத்தில் அழுத ஈரம் காயவில்லை. பெவ்வின் முன்னால் மண்டியிட்டு, ஏறு என்றாள்.

"நீ எதுக்குடி?" என்றாள் பெவ்.

"இன்னைக்கு நீங்க வெட்டலைன்னா, அடுத்த வருஷம் ஜெயிச்சுட்டு வர்ற எங்களையும் இவர் வெட்ட விடமாட்டாரு. ஏறித் தொலை. ஆடாம வெட்டு, கனக்கற."

பெவ் வெட்டினாள். பிறகு நாங்கள் ஒவ்வொருவராக அந்தத் தோளில் ஏறி வெட்டினோம். கூட்டம் எழுந்து நின்றது. பயிற்சிக்கு வந்த ஆண்கள் வாசலிலேயே பந்தோடு நின்றார்கள். அவர்களில் ஒருவன்தான் முதலில் கை தட்டினான், பிறகு அரங்கமே தட்டியது.

கடைசியாகக் கோச். லோர்னாவும் இன்னொரு வெஸ்ட்புரூக்காரியும் சேர்ந்து அவரைத் தூக்கினார்கள். அவர் கடைசிக் கயிற்றை வெட்டி, வலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். சிவந்த முகத்தோடு டால்கிரன் கீழே வந்து நின்று, இப்போது ஆண்கள் எந்த வலையில் ஆடுவது என்று கேட்டார்.

மார்லிஸ் மேலேயிருந்து, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் பதில் சொன்னார்.

"கேக் சுட்டு வித்து வாங்கிக்கோங்க, சார். எங்க சட்டை, பந்து எல்லாம் அப்படித்தான் வந்துது."

கூரை இடிந்து விழும்படி சிரிப்பு. ஆண்களின் ஆட்டம் அன்று தாமதமாகத்தான் ஆரம்பித்தது. எங்கள் கோச் கீழே இறங்க மனமில்லாமல் அந்தத் தோள்களின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.