கடல் பார்க்கப் போன ஞாயிறு

கல்லூரி வேன் ஓட்டுநர் காலை ஆறு மணிக்கு வாளியைத் தூக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து மனைவி ஓடி வந்தாள். ஒரு கை சுவரிலும் ஒரு கை வாளியிலுமாக, வில்லாக வளைந்து நின்றார்.

கட்டிலில் படுக்க வைத்து, தைலம் தேய்த்து, வெந்நீர்ப் பையை அண்டக் கொடுத்த பிறகுதான் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு மணிக்கு ஏழு பேர் விடுதி வாசலில் காத்து நிற்பார்கள்.

அவளுக்கும் அதே கல்லூரியில்தான் வேலை. வெளிநாட்டு மாணவர் பிரிவில் எழுத்தர். ஊரிலேயே கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டு ஆறு மாதப் பரிமாற்றப் படிப்புக்கு வருகிறவர்களுக்கு அறை ஒதுக்குவதும் படிவம் நிரப்புவதும் அவள் வேலை. பல்வலிக்காரியை மருத்துவரிடம் கூட்டிப்போவது, வீட்டு நினைப்பில் அழுகிறவன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் அவள் தலையில் விழுந்தவை.

இந்த முறை வந்தவர்களுக்கு மூன்று ஞாயிறு சுற்றுலா என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். முதல் ஞாயிறை மழை கொண்டுபோனது. இரண்டாவது ஞாயிறு யாரோ பெரிய விருந்தாளிக்காக வேனைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். மிஞ்சியது இன்றைய நாள்தான். கடல் முனையிலிருக்கும் கலங்கரை விளக்கத்துக்குப் போவதாகத் திட்டம். செவ்வாய்க்கிழமை ஏழு பேருக்கும் ஊர் திரும்ப விமானம்.

அந்த ஏழு பேரில் ஒருத்தியின் நாட்டில் கடலே கிடையாது. எதைக் கண்டாலும் ஏன், எதற்கு என்று கேட்பதால் விடுதியில் அவளுக்கு வைத்த பெயர் கேள்வி. வந்த வாரமே அலுவலகத்துக்கு வந்து, "அக்கா, கடல் எவ்ளோ தூரம்?" என்று கேட்டாள்.

"வண்டில மூணு மணி நேரம்."

"நான் படத்துல மட்டும் பாத்திருக்கேன்."

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்று எழுத்தர் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் அதைப் பற்றி ஒரு தடவைகூட நினைவுபடுத்தவில்லை. ஓயாமல் கேட்கிறவள் இதை மட்டும் கேட்காமல் இருந்ததுதான் எழுத்தரைக் குத்திக்கொண்டே இருந்தது.

எழுத்தரின் கைப்பையில் ஓட்டுநர் உரிமம் இருந்தது. வேன் ஓட்டுவதற்கான உரிமம். இரண்டு தடவை தேர்வில் தோற்று மூன்றாவது தடவை வாங்கியது. வாங்கி எட்டு மாதம் ஆகிறது. விடுமுறை நாட்களில் கல்லூரி மைதானத்திலும் புறவழிச் சாலையிலும் கணவர் பக்கத்திலிருக்க ஓட்டிப் பழகியிருந்தாள். ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதில்லை.

பிரிவின் பொறுப்பாளரைத் தொலைபேசியில் எழுப்பி, கணவர் படுத்துவிட்டதைச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை காலைலயே குண்டத் தூக்கிப் போடுறீங்களேம்மா," என்றார் அவர். "ட்ரிப்ப கேன்சல் பண்ணிடுங்க. பசங்க புரிஞ்சுக்குவாங்க."

"ரெண்டு தடவ புரிஞ்சுக்கிட்டாங்க சார். மூணாவது தடவ நம்மளப் பத்தித்தான் புரிஞ்சுக்குவாங்க."

"வேற டிரைவர் இருக்காரா?"

"நான் இருக்கேன். லைசன்ஸ் இருக்கு. உங்க அனுமதிதான் வேணும்."

"அனுபவம்?"

"ஓட்ட விடாம அனுபவம் எங்கிருந்து சார் வரும்?"

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது; அவர் எழுந்து உட்கார்ந்தார் போல. பிறகு, "வீட்டுக்காரர் கூட இருக்கணும். இருந்தா போங்க. எழுத்துல அனுப்புறேன்," என்றார்.

கட்டிலில் கிடந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு உக்காரவே முடியல. எப்படி வர்றது?"

"கூட இருக்கணும்னுதான் சொன்னாரு. படுக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

அப்படித்தான் வேனின் கடைசி நீள இருக்கையில் இரண்டு தலையணை, ஒரு போர்வையோடு ஓட்டுநர் பயணியானார். விடுதி வாசலில் மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கொக்கு என்று பெயரெடுத்த நெட்டைப் பையன், "அண்ணா தூக்கமா?" என்றான்.

"அண்ணாவுக்கு இடுப்பு போச்சு. இன்னைக்கு அக்கா டிரைவர்," என்றாள் எழுத்தர். ஏழு பேரும் கைதட்டினார்கள். பின்னாலிருந்து, "இப்பவே தட்டாதீங்க, போய்ச் சேந்ததும் தட்டுங்க," என்று ஒரு குரல் வந்தது.

நகரத்தைத் தாண்டும் வரை அந்தக் குரல் ஓயவில்லை. கிளட்ச்சை மெதுவா விடு. ஹாரன் அடி. இவ்ளோ அடிக்காத. ஒரு வேகத்தடையில் வேன் தூக்கிப் போட்டதும், "ஐயோ!" என்று மட்டும் வந்தது.

அவள் ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, இந்த வண்டிக்கு ஒரு ஸ்டியரிங்தான். வலிச்சா சொல்லுங்க, மெதுவா போறேன். மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

மாணவர்களுக்கு வார்த்தை பாதிதான் புரிந்தது. தொனி முழுசாகப் புரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

மெதுவாகவே ஓட்டியதில், மதியம் கடந்தபோதுதான் முனைச் சாலை வந்தது. பத்து கிலோமீட்டர். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் இடுப்பளவு தடுப்புச் சுவர், அதற்கப்பால் சரிவு. இரண்டு வண்டிகள் ஒதுங்க அங்கங்கே மட்டும் அகலப்படுத்தியிருந்தார்கள். கடல் இன்னும் கண்ணில் படவில்லை. மூன்றாவது வளைவில் கல் ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்து, மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரி நின்றது.

லாரிக்காரர் இறங்கி வந்தார். "அம்மா, லோடு வண்டி, என்னால பின்னால எடுக்க முடியாது. நீங்கதான் எடுக்கணும். உங்க டிரைவர் எங்க?"

"நான்தான்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கடைசி இருக்கையில் முழங்கையை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்த ஆளைக் கண்டதும் முகம் தெளிந்தது. "அண்ணே, நீங்க கொஞ்சம் எடுத்துக் குடுங்கண்ணே. பொம்பளப் புள்ளைக்கு இது கஷ்டம்."

அவள் கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தாள். கணவர் எழுந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. உண்மையில், அவர் எழுந்துவிட்டால் தேவலை என்றும் ஒரு நொடி தோன்றியது.

கணவர் மெல்லத் தலையணையில் சாய்ந்தார். "நான் நோயாளிய்யா. டிரைவர் அவதான். அவகிட்டப் பேசு."

அவள் இறங்கிப் பின்னால் நடந்து பார்த்தாள். ஒதுங்கும் இடம் அறுபது எழுபது அடி தள்ளி, வளைவைத் தாண்டி இருந்தது. மாணவர்களையெல்லாம் இறக்கினாள். கொக்குவைப் பாறைப் பக்கமும், கேள்வியைச் சரிவுப் பக்கமும், கண்ணாடியில் தெரிகிற மாதிரி தள்ளி நிறுத்தினாள். மற்றவர்களை வளைவுக்கு அப்பால் போய் வரும் வண்டிகளை நிறுத்தச் சொன்னாள்.

"மூணே வார்த்த. 'வாங்க'ன்னா வருவேன். 'போதும்'னா நிப்பேன். பயமா இருந்தாலும் 'போதும்'னு சொல்லுங்க. கோபப்பட மாட்டேன்."

"மூணாவது வார்த்த?" என்று கேட்டாள் கேள்வி.

எழுத்தர் யோசித்தாள். "'நல்லாருக்கு'. அதையும் நடுநடுவுல சொல்லுங்க."

கணவரையும் இறங்கச் சொன்னாள். "இப்ப என்னால அசைய முடியாது. நீ எடு," என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வேன் அங்குலம் அங்குலமாகப் பின்னே நகர்ந்தது. "வாங்க, வாங்க" என்று கொக்கு இரண்டு கையையும் வீசினான். வளைவில் சரிவுப் பக்கத்திலிருந்து "போதும்!" என்று வீறிட்ட குரல் கேட்டது. அவள் நிறுத்தினாள். பின்சக்கரத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. கொஞ்சம் முன்னே ஏறி, திருப்பி, மறுபடி பின்னே வந்தாள். இந்தத் தடவை பாறைப் பக்கம் டமார் என்றது. பக்கக் கண்ணாடி சிதறியது. கொக்கு தலையில் கை வைத்தான்.

"அது கண்ணாடிதான்," என்று கடைசி இருக்கையிலிருந்து அமைதியாக வந்தது. "சக்கரம் ரோட்டுலதானே இருக்கு?"

"இருக்கு."

"அப்ப எடு."

மேலும் நாலு தடவை முன்னே, பின்னே. பிறகு கேள்வி "நல்லாருக்கு! நல்லாருக்கு!" என்று குதித்தாள். வேன் ஒதுங்கும் இடத்தில் முழுசாக நின்றது. லாரி உறுமிக்கொண்டு கடந்தபோது, லாரிக்காரர் ஒரு கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

கலங்கரை விளக்கத்தில் ஆறு பேர் படியேறப் போனார்கள். கேள்வி ஏறவில்லை. பாறைகளுக்கு நடுவே இறங்கி, காலணியைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் போய் நின்றாள். ஒரு அலை முழங்கால் வரை நனைத்துவிட்டுத் திரும்பியது. குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு அழுதாளா சிரித்தாளா என்பது மேலே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

எழுத்தர் சாவியைக் கைப்பையில் போட்டாள். வேன் படியில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு வழியாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான்னா மூணே தடவைல எடுத்திருப்பேன்," என்றார்.

"தெரியும்."

"முதல் வருஷத்துல இல்ல. முதல் வருஷம் நான் வண்டியோட பின்பக்கத்தையே பேத்துட்டேன். உன்கிட்டச் சொன்னதில்ல."

அவள் அண்ணாந்து பார்த்தாள். பதினெட்டு வருட வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்தது இதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலை பொறுப்பாளர் வேனைச் சுற்றி வந்தார். கண்ணாடி இருந்த இடத்தைத் தடவினார். "இது எப்படி?"

"நான்தான் இடிச்சேன் சார். எங்க, எப்படின்னு எழுதி மேசைல வச்சிருக்கேன்."

"யாருக்காவது அடி கிடி?"

"யாருக்கும் இல்ல. ஏழு பேரும் கடல் பாத்தாங்க."

அவர் பெருமூச்சு விட்டார். அடுத்த மாதம் புதுக் குழு வருகிறது, பன்னிரண்டு பேர், அவர்களுக்கும் மூன்று சுற்றுலா போட வேண்டும் என்றார். "டிரைவர் பேரு எதப் போடறது?"

"மூணுல ரெண்டு அவரு, ஒண்ணு நான். முனைக்குப் போற ட்ரிப் எனக்கு," என்றாள் எழுத்தர். "அப்புறம் சார், எட்டு மணிக்குக் கிளம்பறது சரிவராது. கல் லாரி வர்றதுக்கு முன்னாடி அந்த ரோட்டத் தாண்டணும். அஞ்சரைக்குக் கிளம்பறதா அறிவிப்புலயே போட்டுடுங்க."