பூமாரி அட்டையில் மலையம்மாள்

டெல்லிக்காரன் நூறு நாள் வேலை கொடுக்கிறான், நல்லது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே! ஆவாரங்குளத்தில் அந்தப் பூசாரி, தேவயானியின் செல்போன். காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஒரு போட்டோ. தூர்வாரும் கண்மாய்க்குள் பெண்களை நிறுத்தி எடுத்து ஏற்றிவிட்டால் கூலி உண்டு. டவர் கிடைக்காமல் போனால், நாள் முழுக்க மண் சுமந்தவளும் அரசாங்கத்தின் கண்ணுக்கு வீட்டில் படுத்துக் கிடந்தவள்தான்.

பொட்டிப்புரத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சிற்றூரில் தேவயானி மூன்று வருடமாகப் பணித்தளப் பொறுப்பாளர். இருபத்தொன்பது வயது. பி.காம். படித்துவிட்டு நான்கு வருடம் சும்மா இருந்தவளுக்குக் கழுத்தில் ஓர் அடையாள அட்டை தொங்கியதே பெரிய காரியம். அதைக் கழற்றிவிட்டால் அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவள் ஏற்றிய வருகைப் பட்டியலில் நாற்பத்திரண்டு பேர். பதினேழாவது பெயர் பூமாரி. அந்த நேரத்தில் பூமாரி ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரில் கண்மாய்க்குள் மண் சுமந்தவள் அவளுடைய அக்கா மலையம்மாள்.

இதைத் திருட்டு என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். மலையம்மாளுக்கும் ஒரு காலத்தில் சொந்தமாக வேலை அட்டை இருந்தது. இதய வால்வு சுருங்கி, மதுரையில் பலூன் விட்டு விரித்து, ஒன்றரை வருடம் பாயில் கிடந்தாள். தேறி வந்து பார்த்தால் அட்டையை ரத்து செய்திருந்தார்கள். காரணம் என்ற இடத்தில், ‘வேலை செய்ய விருப்பமில்லை.’ மூச்சு வாங்கப் படுத்திருந்தவளிடம் யார் வந்து விருப்பம் கேட்டார்கள் என்பது அந்தக் கம்ப்யூட்டருக்கே வெளிச்சம். இரண்டு முறை மனு கொடுத்தாள். இரண்டு மனுவும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. திருப்பூர் போன புருஷன் ஆறு வருடமாகத் திரும்பவில்லை. அக்காளும் தங்கையும் ஒரே சாயல். தலையில் துண்டைக் கட்டிவிட்டால் பெற்றவளே தடுமாறுவாள். பூமாரி மலையேறும் நாளெல்லாம் அக்கா கண்மாய்க்கு வந்தாள். ஊருக்கே தெரியும். ஊராட்சிச் செயலர் ஒச்சாண்டிக்கும் தெரியும். தேவயானி முதல் நாள் இரக்கப்பட்டுக் கண்டும் காணாமல் விட்டாள், பிறகு பழகிவிட்டது.

பதினொன்றே முக்காலுக்குக் கரை சரிந்தது. அன்றைக்கு வெட்ட வேண்டிய மண் அளவு சீக்கிரம் முடியட்டும் என்று அடிமண்ணைக் குடைந்து வெட்டியிருந்தார்கள். மேலே இருந்த பாறாங்கல் ஒன்று பெயர்ந்து, குனிந்திருந்த மலையம்மாளின் தலையில் ஓரமாக மோதிவிட்டு உருண்டது. அவள் விழுந்தாள். உடனே எழுந்தும் உட்கார்ந்தாள்.

“ஒண்ணுமில்லத்தா, லேசாத்தேன் பட்டுச்சு. தண்ணி குடு” என்று சிரிக்கக்கூடச் செய்தாள். பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். கால் மணி நேரத்தில் வாந்தி எடுத்தாள். அப்புறம் பேச்சு குழறியது. தேவயானி நூற்றெட்டு ஆம்புலன்சுக்கு போன் அடித்தாள்.

வண்டியில் அவள் மட்டும்தான் கூட ஏறினாள். போடி விலக்கு தாண்டும்போது மலையம்மாள் கண்ணைத் திறந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“தாயி, பூமாரின்னே சொல்லு. அவ அட்டையும் போயிரக் கூடாது. எம்மேல சத்தியம் பண்ணு.”

“சரிக்கா, சொல்றேன். நீங்க பேசாதிக.”

அதற்குப் பிறகு மலையம்மாளுக்கு நினைவு தப்பியது.

க.விலக்கு பெரியாஸ்பத்திரியில் பெயர் கேட்டார்கள். பூமாரி, முப்பத்தொன்பது வயது. மலையம்மாளின் சுருக்குப்பையில் இருந்த பூமாரியின் ஆதார் அட்டையை நீட்டினாள். நம்பரைத் தட்டியதும் திரையில் பழைய விவரம் வந்து நின்றது. எட்டு வருடத்துக்கு முன் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன், வேறு நோய் எதுவும் இல்லை. ஒரு பொய் இவ்வளவு சுலபமாக உள்ளே போகும் என்று தேவயானி நினைக்கவே இல்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் மகிழன் வேகமாக வெளியே வந்தார். முப்பது வயசு இருக்கும், கண்ணில் தூக்கமில்லை.

“நீங்கதான் பூமாரி கூட வந்தவங்களா? மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு, மூளையை அமுக்குது. உடனே திறக்கணும். பல்ஸ் தாறுமாறா ஓடுதே, ஹார்ட்ல ஏதாவது பிரச்சினை உண்டா? மாத்திரை சாப்பிடுறாங்களா?”

 மாதம் ஒருநாள் மலையம்மாள் இதே ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்க வருவது தேவயானிக்குத் தெரியும். என்ன மாத்திரை என்றுதான் தெரியாது.

“ஏதோ... ஹார்ட்டுக்கு மாத்திரை சாப்பிடுவாக சார்.”

“என்ன மாத்திரை?”

“பேரு தெரியல சார்.”

“எங்க காட்டுறாங்க?”

“இங்கனதான்.”

“இங்கயா?” டாக்டர் நர்ஸ் இவாஞ்சலினைத் திரும்பிப் பார்த்தார். அவர் திரையில் மேலும் கீழும் தேடிவிட்டு, இல்லை என்று தலையாட்டினார். பூமாரிக்கு ஹார்ட் நோய் இல்லை.

“இங்க பாருங்கம்மா. ஹார்ட்டுக்கு இருபது விதமான மாத்திரை இருக்கு. ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற மாத்திரையா இருந்தா, அதுக்கு மாற்று மருந்து ஏத்தாம கத்தி வைக்க முடியாது. வச்சா ரத்தம் நிக்காது. அந்த மாத்திரை இல்லைன்னா, ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனை முடிவு வர முக்கால் மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் தாங்குமான்னு எனக்குத் தெரியல. வீட்டுக்கு போன் போட்டுக் கேளுங்க. சீக்கிரம்.”

அவர் ஆபரேஷன் தியேட்டர் பக்கம் போனார். தேவயானி பூமாரிக்கு போன் அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் அடித்தாள். ஏலக்காட்டுக்குள் எந்த டவர் எட்டும்? மூன்றாவது தடவை அடிக்கும்போது ஒச்சாண்டியின் அழைப்பு குறுக்கே வந்தது.

“தேவயானி, என்ன பேரு குடுத்திருக்க?”

“பூமாரின்னுதாண்ணே. ஆனா டாக்டரு...”

“அப்ப சரி. அதுலயே நில்லு. பூமாரின்னு இருந்தா தளத்துல அடிபட்டவன்னு நிவாரணம் எழுதி வாங்கிரலாம். மலையம்மான்னு சொன்னேன்னு வையி, அவ தளத்துக்கே வராதவ. ஒத்தப் பைசா வராது. பூமாரி அட்டை போயிரும், ஒனக்கு வேலை போயிரும், கேஸும் வரும். ஆபீசருக வந்து தோண்டுனா நாப்பத்திரெண்டு பேரு பொழப்பும் நாறிப்போகும். புரியுதா?”

“அக்கா செத்துருவாகண்ணே.”

ஒச்சாண்டியின் குரல் இறங்கியது. அவனும் மனுஷன்தான். “பெரியாஸ்பத்திரிம்மா அது. அவுகளுக்குத் தெரியாததா? பாத்துக்கிருவாக” என்றான்.

பாத்துக்கிருவாக! இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை பேர் அந்த ஒரு சொல்லை நம்பிப் பாடையேறியிருப்பார்கள்! தேவயானி போனைக் காதிலிருந்து எடுத்தாள். மலையம்மாளுக்குச் செய்த சத்தியம் ஒரு பக்கம் இழுத்தது. அவள் எதற்காகச் சத்தியம் கேட்டாள்? தங்கை பிழைப்பதற்காக. தான் பிழைப்பதைப் பற்றி அவள் நினைக்கவே இல்லையே! வேறு யார் நினைப்பது? தியேட்டர் கதவுக்கு உள்ளே ஸ்ட்ரெச்சரைத் தள்ளும் சத்தம் கேட்டது. டாக்டர் இனிக் காத்திருக்கப் போவதில்லை.

அவள் ஓடினாள். வாசலில் இவாஞ்சலின் மறித்தார்.

“சிஸ்டர், அவுக பூமாரி இல்ல.”

“என்னம்மா சொல்றீங்க?”

“அவுக பேரு மலையம்மாள். நாப்பத்திமூணு வயசு. ஆவாரங்குளம். பூமாரி அவுக தங்கச்சி. தங்கச்சி அட்டையில வேலைக்கு வந்தாக. நாந்தேன் மாத்திச் சொன்னேன். மலையம்மாள்னு தேடுங்க சிஸ்டர், கால்ல விழுறேன்.”

இவாஞ்சலின் திட்டவில்லை. திரும்பி ஓடி, நின்றபடியே தட்டினார். திரையில் ஐந்து மலையம்மாள் வந்தார்கள். மூன்றாவது மலையம்மாளுக்கு ஆவாரங்குளம். இதய வால்வு நோய். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை, கடைசியாக வாங்கியது எட்டு நாளைக்கு முன்.

“டாக்டர், நிறுத்துங்க!” என்று அவர் போட்ட சத்தம் அந்த நடை முழுக்கக் கேட்டது.

அதன் பிறகு யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். ஊசி போனது, ரத்த வங்கியிலிருந்து பைகள் வந்தன. டாக்டர் மகிழன் தேவயானியைத் தாண்டிப் போகையில் ஒரு நொடி நின்றார். “இதை வாசல்லயே சொல்லியிருந்தா அரை மணி நேரம் மிச்சம். அந்த அரை மணி நேரம் அவங்களுக்கு எவ்வளவு பெரிசு தெரியுமா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார். 

இரண்டு மணி ஆனது. மத்தியானப் போட்டோ எடுக்கச் சொல்லி போன் தானாகவே மணியடித்தது. கண்மாயில் நாற்பத்தொரு பேர் வெயிலில் காத்திருப்பார்கள். அவர்களில் யாருக்கும் இன்றைக்குக் கூலி கிடையாது. மணியை அணைத்துவிட்டு, ஒச்சாண்டிக்குத் தானே அடித்தாள்.

“அண்ணே, உண்மையச் சொல்லிட்டேன்.”

அவன் போனை வைத்துவிட்டான்.

பொழுது சாயும் நேரத்தில், மலையிறங்கிச் சேதி கேட்ட பூமாரி வந்தாள். ஏலக்காய்க் கறை படிந்த கையோடு, இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள். தேவயானி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்றுதான் நின்றாள்.

“ஒன் அட்டை போயிரும் பூமாரி. போட்ட கூலிப் பணத்தையும் திருப்பிக் கேப்பாக.”

“அட்டை கெடக்கு கழுத! எங்கக்கா எங்க?” என்றாள் பூமாரி. கையெழுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் தங்கை என்று எழுதித் தன் சொந்தப் பெயரைப் போட்டாள்.

ஆபரேஷன் முடிந்து ஏழு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். ரத்தக்கட்டை எடுத்தாகிவிட்டது, கண் விழித்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். புதன்கிழமை மலையம்மாள் விழிக்கவில்லை. அன்று ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆள் வந்து தேவயானியிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, அடையாள அட்டையையும் கேட்டு வாங்கிப் போனார். அவள் ஆஸ்பத்திரியை விட்டுப் போகவில்லை. வேலைதான் இல்லையே, எங்கே போவது?

வியாழக்கிழமை காலை மலையம்மாள் கண் திறந்தாள். முதலில் விளக்கைப் பார்த்தாள், பிறகு கட்டிலைச் சுற்றி நின்றவர்களை. டாக்டர் மகிழன் குனிந்தார்.

“அம்மா, நான் பேசுறது கேக்குதா? உங்க பேர் என்ன?”

மலையம்மாளின் பார்வை மெல்லத் தேடி, தேவயானியின் முகத்தில் வந்து நின்றது. காய்ந்த உதடு அசைந்தது.

“பூமாரி.”

டாக்டரின் முகம் மாறியது. “வயசு?”

“முப்பத்தொம்பது.”

அவர் நிமிர்ந்து, “குழப்பம் இருக்கு சிஸ்டர். இன்னொரு ஸ்கேன் எடுக்கணும்” என்றார்.

தேவயானிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. “வேண்டாம் சார். அவுகளுக்கு ஒரு கொழப்பமும் இல்ல. அவுக தெளிவாத்தேன் இருக்காக” என்றாள். கட்டிலருகே மண்டி போட்டு, கட்டுப் போட்ட தலையை ஒட்டிக் குனிந்தாள். “அக்கா, நான் சத்தியத்த மீறிட்டேன். நெசத்தச் சொல்லிட்டேன். இனி ஒங்க பேரையே சொல்லுங்க.”

மலையம்மாள் அவளையே பார்த்தாள். கோபமா, பயமா, தெரியவில்லை. கண்ணோரம் நீர் இறங்கித் தலையணைக்குள் போனது.

“எம் பேருக்கு எங்கன, என்னத்தா இருக்கு?”

“இங்கன மாத்திரைச் சீட்டு இருந்துச்சுக்கா. அத வச்சுத்தேன் ஒங்க உசுரு நின்னுச்சு.”

பின்னால் நின்ற பூமாரி, “சொல்லுக்கா” என்றாள்.

டாக்டர் மறுபடியும் கேட்டார். மலையம்மாள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். யார் காதிலும் விழுந்துவிடக் கூடாதே என்று பயப்படுகிறவள் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“மலையம்மா.”