கரிசலில் ஒரு இறுதியாட்டம்

கோவில்பட்டியில் பிறந்த பிள்ளை பந்தைக் காலால் உதைத்தால் ஊருக்கே துரோகம் செய்த மாதிரி. இது ஹாக்கி ஊர். இங்கே பெண்கள் கல்லூரிக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் பிரேமலதாவைப் பார்த்து, "மட்டைய எங்கன தொலைச்சீங்க?" என்று கேட்காத ஆளில்லை. அதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒரே ஒரு பேச்சுதான்.

போன வருஷம் அரையிறுதி ஆட்டம் மழையில் ஊறிய இவர்கள் மைதானத்தில் நடந்தது. ஜெயித்தது இவர்கள்தான். தோற்ற நாகர்கோவில் அணியின் பயிற்சியாளர் கண்ணபிரான் கை கொடுக்கும்போது, "நாங்க உங்ககிட்ட தோக்கல மேடம், உங்க மண்ணுகிட்ட தோத்தோம்" என்றார். ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வெளியூர் போய் இறுதியாட்டத்தில் தோற்றதும், "மண்ணைக் கூட்டிட்டுப் போகலியாக்கும்" என்று சிரித்தது. வெயிலில் கருகக் கருக ஓடிய பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பும் இல்லையா என்று அவளுக்கு வயிறெரிந்தது.

இந்த வருஷம் இறுதியாட்டமே இங்கேதான். எதிரணியும் அதே நாகர்கோவில். காலையில் மழை கொட்டித் தீர்த்துவிட்டு, வெயில் சுள்ளென்று அடித்தது.

"கொஞ்சம் காயட்டுமே, ஒரு மணி நேரம் தள்ளி வச்சுக்கலாமா?" என்று கண்ணபிரான் நடுவரிடம் கேட்டார்.

கரிசலைத் தெரியாதவர் கேட்கிற கேள்வி அது. சொதசொதவென்று இருக்கும்போது கரிசல் வழுக்கும், அவ்வளவுதான். அரைகுறையாகக் காய்ந்தால்தான் ஆளைப் பிடிக்கும். வைத்த காலை எடுத்தால் மைதானமே கூட வரும். பிரேமலதா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நடுவர் தலையாட்டிவிட்டார். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

தன் பிள்ளைகளின் பூட்ஸ் அடியில் வழக்கம்போல விளக்கெண்ணெய் தடவச் சொன்னாள். எண்ணெய் பட்ட இடத்தில் மண் அவ்வளவாக ஒட்டாது. பல மழைக்காலம் பட்டுத் தேறிய வித்தை.

முதல் பாதியில் நாகர்கோவில் பிள்ளைகள் நடக்கவே திணறினார்கள். கேப்டன் செல்வமாரி ஒரு கோல் போட்டாள். கடம்பூர்ப் பக்கம் கிடை ஆட்டுக்குப் பின்னால் ஓடி வளர்ந்த காலுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்! ஆனால் கைதட்டலுக்கு நடுவே ஹாக்கிக்காரர் தங்கப்பாண்டியின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. "இந்த வருஷமும் மண்ணு கைவிடலடே!"

இடைவேளையில் நாகர்கோவில் பிள்ளைகள் குச்சியால் பூட்ஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பிரேமலதா விளக்கெண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேரே அவர்களிடம் நடந்தாள்.

செல்வமாரி பதறிப்போய் ஓடிவந்தாள். "என்ன மிஸ் பண்ணுதீங்க! ஒரு கோல்தான கூட இருக்கு?"

"ஏட்டி, மண்ணு ஜெயிச்சுதுன்னு இன்னொரு தடவ கேக்க எனக்குத் தெம்பு இல்ல. நீங்க ஜெயிங்க."

டப்பாவை வாங்கிய கண்ணபிரான் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு குனிந்து தன் பிள்ளைகளின் பூட்ஸ் அடியில் எண்ணெய் தடவத் தொடங்கினார்.

எண்ணெய் நன்றாகவே வேலை செய்தது. இரண்டாம் பாதி தொடங்கிய வேகத்தில் நாகர்கோவில் கோல் போட்டுச் சமன் செய்தது. அடுத்து ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பிரேமலதாவுக்கு உயிர் போய் வந்தது. நம் பிள்ளைகள் வாயில் நாமே மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பிள்ளைகள் விடவில்லை. பந்தைத் தரையோடு தரையாகத் தட்டித் தட்டி முன்னேறினார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் செல்வமாரி இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு உதைத்தாள். கோல்கீப்பர் முழு நீளத்துக்குப் பாய்ந்தும் எட்டவில்லை.

விசில் ஊதியதும் பிரேமலதா போட்ட கூச்சலில் ஒரு பயிற்சியாளருக்கு உரிய லட்சணம் எதுவும் இல்லை. சேற்றில் விழுந்து புரண்ட பிள்ளைகள் மேல் அவளும் போய் விழுந்தாள்.

கண்ணபிரான் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "இன்னைக்கு உங்க பிள்ளைககிட்டதான் தோத்தோம் மேடம்."

பிரேமலதா முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணாச்சி, அதக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. அந்தா தங்கப்பாண்டி அண்ணாச்சி நிக்காவ, அவியளுக்கும் கேக்கட்டும்."