நாலு டோலன்களின் தோள்

சாகக் கிடந்த ஆனோரா கிழவி மகனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னைய வண்டியில ஏத்திடாதடா மைல்ஸ். நாலு டோலன் தோள்லதான் நான் போகணும்."

அயர்லாந்தில் மேயோ பக்கம் அதுதான் முறை. செத்தவரின் குடும்பப் பெயருள்ள நாலு பேர் பெட்டியைத் தூக்க வேண்டும். ஊரில் டோலன்களுக்குப் பஞ்சமில்லை. மைல்ஸ் வீட்டு வாசலை மிதிக்கத்தான் ஆளில்லை.

எப்படி வருவார்கள்? 1881 அறுவடை முடிந்ததும், குத்தகை கட்ட முடியாத அவன் சித்தப்பா மகன் ஆஸ்டினை நிலத்துக்குச் சொந்தக்காரத் துரையின் ஆட்கள் கடப்பாரையால் கதவைப் பெயர்த்து வெளியே தள்ளினார்கள். அந்த நிலத்தை யாரும் தொடுவதில்லை என்று ஊரே சத்தியம் செய்தது. மறுவாரமே மைல்ஸ் போய் அதைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டான். சொந்த ரத்தம்! அன்றிலிருந்து கடைக்காரி அவனுக்கு மாவு விற்பதில்லை. கோயிலில் அவன் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை.

கிழவி கண்ணை மூடியதும் பெட்டி செய்யக் கேட்டால், தச்சனும் கையை விரித்தான். "பலகை இல்ல."

"பின்னால அடுக்கியிருக்கே?"

"அது மனுஷங்களுக்கு."

ஆஸ்டின் வீட்டில் பெயர்ந்து கிடந்த கதவை அறுத்து மைல்ஸே பெட்டி செய்தான். குழியையும் அவனே வெட்டினான்.

அடக்கத்தன்று மழை. பாதிரியார் பொறுத்துப் பார்த்தார். "வண்டியப் பூட்டுப்பா, வேற வழியில்ல" என்றார். அவமானத்தில் வெந்துபோய் மைல்ஸ் குதிரையைப் பிடித்தபோது, ஆஸ்டினும் அவன் தம்பிகள் மூவரும் படியேறினார்கள்.

மைல்ஸ் "தம்பி..." என்றபடி பெட்டியின் ஒரு மூலைக்குக் குனிந்தான்.

"தள்ளு. நாங்க நாலு பேர் இருக்கோம்."

பெற்ற மகன் வெறுந்தோளோடு பின்னால் நடந்தான். பலகையில் கடப்பாரைத் தழும்பு அப்படியே இருந்தது. ஆஸ்டினின் கழுத்தோரம் அது உரசிக்கொண்டே போனதை வழி முழுக்கப் பார்த்தான்.

பெட்டியைக் குழியில் இறக்கிவிட்டு ஆஸ்டின் கையைத் துடைத்தான். "அது என் வீட்டுக் கதவு."

மைல்ஸ் குழிக்குள் பார்த்தான்.

"பெரியம்மா எனக்குச் சோறு போட்டவ. அவளுக்குன்னா கதவும் போகட்டும், தோளும் போகட்டும். நீ மட்டும் இப்பவே ஒரு வண்டி சொல்லி வச்சுக்கோ. ஓட்டவும் வெளியூர்லேர்ந்து ஆள் பாரு."

நாலு பேரும் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். பாதிரியாரும் புத்தகத்தை மூடிக்கொண்டு நடந்தார். மைல்ஸ் மண்வெட்டியை எடுத்தான். அம்மாவுக்குத் தோள் கொடுக்க விடாதவர்கள், மண் தள்ள மட்டும் அவனை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.