இரண்டு ஊர்க் குப்பை

சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்த்த அறிவுச்செல்வன் மாரடைப்பில் போய் நான்கு மாதமாகியிருந்தது. அவன் மனைவி வெண்மதிக்குக் கிடைத்த வேலை, குப்பையை நிறுத்துப் பார்ப்பது. ஒரு கல்லூரியின் ஆய்வு அது. நெய்வேலி நகரியத்தில் ஒரு பிளாக், பண்ருட்டியில் ஒரு தெரு. எந்த ஊர் வீட்டில் அதிகம் சேருகிறது, யார் பிரித்துப் போடுகிறார்கள், எதைக் குறைக்கலாம் என்று பார்க்க வேண்டும். வேலையைச் சொன்னவர்களே கூச்சப்பட்டார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அழுகல் நாற்றமும் ஊதுவத்தி மணமும் அவளுக்கு ஒன்றாகிவிட்டிருந்தன.

கூட வேலை பார்த்த சாதிக் அலி பண்ருட்டிக்காரன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் பையை அவிழ்ப்பான். வெண்மதி கையுறையை மாட்டிக்கொண்டு சும்மா கிளறுவாள்.

நகரியத்துப் பைகள் கனத்தன. வாசலுக்கு வாசல் மக்குவதற்குப் பச்சைத் தொட்டியும் மக்காததற்கு நீலத் தொட்டியும் இருந்தன. ஆனால் பச்சையில் சாம்பார் சாதத்தோடு டயப்பர் கிடந்தது.

"நாங்க பிரிச்சுதான் போடறோம். வேலைக்கு வர்ற பொண்ணு மாத்திப் போட்டிருக்கும்," என்றாள் அந்த வீட்டு விஜயலட்சுமி, குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று. வெண்மதி எடையைக் குறித்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள்.

பண்ருட்டித் தெருவில் தொட்டியே இல்லை. எல்லாம் ஒரே பையில் வந்தது. தாஜ் பீவி வீட்டுப் பை மட்டும் எப்போதும் சப்பையாக இருந்தது. பலாச்சக்கை ஆட்டுக்கு, கொட்டை குழம்புக்கு, பால் கவர் கழுவிக் காயவைத்துப் பழைய சாமான்காரருக்கு.

"இவ்ளோதானாம்மா?" சாதிக் அலிக்கு நம்பிக்கையில்லை.

"எட்டுப் பேரு இருக்கோம் தம்பி. வாங்கினதத் தூக்கிப்போட மனசு வரமாட்டேங்குது." தாஜ் பீவி வெண்மதியிடம் திரும்பினாள். "ஒங்க வூட்ல எவ்ளோம்மா சேருது?"

வெண்மதி யோசித்தாள். "ஒண்ணும் சேரலங்க."

"அதெப்பிடி?"

"அவரு போனதுலேருந்து எதையும் வெளிய போடல. பாதி மாத்திரை, பிரஷ்ஷு, கடைசியா வாங்கினு வந்த முறுக்கு பாக்கெட்டு. எல்லாம் அப்படியே இருக்கு."

குரல் வேறு யாருடைய வீட்டுக் கதையையோ ஒப்பிப்பதுபோல இருந்தது. தாஜ் பீவி கையுறையைக் கழற்றச் சொல்லி, சொம்பெடுத்து அவள் கையில் தண்ணீர் ஊற்றினாள்.

மாதக் கடைசியில், சுரங்க நிர்வாகம் கணவனுக்குத் தந்திருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெண்மதி தரையில் உட்கார்ந்து பிரித்தாள். மாத்திரை தனியாக. பிளேடு, காகிதத்தில் சுற்றி. முறுக்கு நமுத்துக் காறலடித்திருந்தது, மக்கும் குப்பை. பிரஷ், மக்காதது. கை தானாக வேலை செய்தது. அழுகை வருமா என்று கொஞ்சநேரம் காத்துப் பார்த்தாள். வரவில்லை.

மறுநாள் காலை குப்பை வண்டியோடு வந்த வேணு பைகளை வாங்கினார். சுவரோரம் இருந்த அறிவுச்செல்வனின் சுரங்க பூட்ஸைப் பார்த்தார்.

"நல்லா இருக்குதேங்க. நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்குங்க."

படியில் உட்கார்ந்து மாட்டிப் பார்த்தார். "கொஞ்சம் பெருசு. பரவால்ல."

"இருங்க." உள்ளே போய் ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்து வந்து கொடுத்தாள்.

போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளினார். கனத்த காலடிச் சத்தம் அவர் தெரு திரும்பும்வரை கேட்டது. வெண்மதி அசையாமல் நின்று கேட்டாள். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு, அன்றைய வேலைக்குப் பண்ருட்டி பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.