ஈர மணல்

1983 ஆடி மாதம் பாப்பாரப்பட்டிக்குத் தந்தி வந்தது. என் கணவர் தஸ்தகீர் வேலை பார்த்த கப்பலைக் காணவில்லை. மூழ்கியது என்று அதில் இல்லை.

நாலு நாள் கழித்து அவருடைய கடிதம் வந்தது. துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய அன்று, கரைக்குத் திரும்பிய படகில் கொடுத்தனுப்பியது. "இரும்புத்தாதுத் தூள் ஏற்றியிருக்கிறோம். மூன்று நாள் மழையில் கிடந்த தூள். மேலே காய்ந்தது போல இருக்கிறது, உள்ளே ஈரம். கப்பல் சாய்ந்தால் நிமிர நேரமாகிறது, குல்ஷன்."

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை. இத்தா இருக்கக் கேட்டேன். நாலு மாதம் பத்து நாள், கணவனை இழந்தவள் வீட்டோடு இருந்து துக்கம் காக்கும் நாட்கள்.

பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி அப்துல் கனி வீட்டுக்கு வந்து கடிதத்தை இரண்டு முறை படித்தார். "பயந்து எழுதியிருக்காரு. மவுத்தாயிட்டாருன்னு இதுல இல்லையேம்மா. சாட்சி இல்லாட்டி நாலு வருஷம் பொறுக்கணும்."

"நான் அழணுங்க."

"அழும்மா, யாரு வேணாங்கறா?"

கடைசி லீவில் என் கணவர் எனக்குக் காட்டியதை முத்தவல்லிக்குச் செய்து காட்டினேன். அலுமினிய டிபன் டப்பாவில் பாதிக்கு ஈர மணலை அள்ளித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விட்டேன்.

"சோத்து டப்பாவுல கப்பல் வுடறா பாருங்க," என்றார் என் மாமியார் ஜான் பீ.

தொட்டித் தண்ணீரைக் கையால் அலைத்தேன். குலுங்கக் குலுங்க மணல் கூழானது. ஒரு பக்கம் சரிந்தது, திரும்பி வரவில்லை. டப்பா சாய்ந்து, தண்ணீர் மொண்டு, அடியில் போய் உட்கார்ந்தது.

முத்தவல்லி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் வாய் திறப்பதற்குள் மாமி சொன்னார்: "காஞ்ச மணலைப் போட்டுப் பாருங்க."

"ஈரம்னு அவரே எழுதியிருக்காரு மாமி."

"எம்புள்ள என்ஜினுக்கு எண்ணெய் போடறவன். சரக்கைப் பத்தி அவனுக்கு என்னடி தெரியும்?"

மாமி சாக்கை விரித்து மணலைப் பரப்பினார். எங்கள் ஊரில் அந்த வருஷம் ஆடியிலும் மழை இல்லை. சாயங்கால அஸர் தொழுகைக்குள் மணல் காய்ந்துவிட்டது. டப்பா மிதந்தது. மாமி இரண்டு கையாலும் தண்ணீரை அடித்தார். அப்போதும் மிதந்தது.

"பாத்தீங்களா," என்றார்.

முத்தவல்லி என்னைப் பார்க்கவில்லை. "பெத்தவங்க நம்பிக்கையா இருக்காங்க. பொறும்மா."

பொறுத்தேன். கல்யாணத்தில் கட்டிய கருகமணியைக் கழற்றவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மாமி அந்த மணலை வெயிலில் கொட்டிக் காயவைத்து, மறுபடி டப்பாவில் அள்ளிவைப்பார். நான் தடுக்கவில்லை.

1987இல் இத்தா இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். அழுகை வரவில்லை. அலமாரியில் அந்த டப்பா இருந்தது. அடிவரைக்கும் விரலை விட்டுப் பார்த்தேன்.

பொட்டு ஈரம் இல்லை.