பாதி பஸ்

பஸ்கள் வந்துகொண்டுதான் இருந்தன, நிற்கத்தான் இல்லை. தொற்றுப் பரவலால் பாதி இருக்கைக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாதென்று உத்தரவு வந்ததும், புறப்படும் இடமான நௌசோரியிலேயே அந்தப் பாதி நிரம்பிவிட்டது. ஒன்பதாம் மைலில் நின்ற விலிமைனாவின் மூக்குக்கு நேரே காலி இருக்கைகள் வரிசையாக ஓடி மறைந்தன.

தலைநகர் சுவாவில் ரொட்டித் தொழிற்சாலையின் சரக்கறையில் எழுத்தர் வேலை அவளுக்கு. வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. அம்மா வேலை பார்த்த ஹோட்டல் மூடிக் கிடந்ததால், நாலு வயிறு அவள் சம்பளத்தில்தான். இரண்டு முறை தாமதமாகிவிட்டது. மூன்றாம் முறை ஏழரைக்குக் கையெழுத்து விழாவிட்டால் வரவே வேண்டாமென்று மேலாளர் எழுதியே கொடுத்திருந்தார்.

திங்களன்று ஒரு நிறுத்தம் பின்னால் நடந்துபோய் ஏறினாள். அங்கிருந்தவர்கள் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மறுநாள் அவர்களே இன்னொரு நிறுத்தம் பின்னால் போயிருந்தார்கள். வியாழனுக்குள் சாலை முழுவதும் நௌசோரியை நோக்கி நடந்தது. சுவாவுக்குப் போகவேண்டிய சனம் சுவாவுக்கு முதுகைக் காட்டி மூன்று மைல் நடந்தது.

நௌசோரிக்காரர்கள் வரிசையில் நின்றபடியே ஏசினார்கள். எங்கள் இடத்தைப் பறிக்க வந்தீர்களா என்றார்கள். பஸ்ஸுக்கு இருபத்தாறு பேர்தான் கணக்கு; அவளுக்கு முன்னால் நின்றவனோடு அது முடிந்தது. ஓட்டுநர் அபெனிசா கையை நீட்டி வாசலை மறித்தான்.

அவன் ஊரும் அவள் ஊரும் தௌவு. பாட்டன் பூட்டன் காலத்துக் கேலி முறை அது. ஒருவர் கேட்டால் மற்றவர் மறுக்கக் கூடாது, திட்டினால் கோபிக்கவும் கூடாது.

"டேய் ஈரப்பலா மண்டையா, நகரு. நான் ஏறணும்."

"உங்க ஊர்ல எண்ணத் தெரியாதுன்னு தெரியும். பட்டம் வாங்கியுமா வரல?"

"உன் தௌவு கேக்கறேன். முடியாதுன்னு உன் வாயால சொல்லு பாப்போம்."

அவனால் சொல்ல முடியவில்லை. முடியாதென்று அவளுக்கும் தெரியும். கையை எடுத்தான். பின்னால் நின்ற ஆஸ்பத்திரித் துப்புரவுப் பெண் யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "நமக்குத்தான் பஸ்ல முறைக்காரன் இல்ல."

வழியில் நக்காசியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. காவலர் இரண்டு தடவை எண்ணினார். இருபத்தேழு. ஒருவர் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுநருக்கு அபராதம், பஸ்ஸும் இன்று ஓடாது.

"நான்தான் தப்பா எண்ணிட்டேன். என் பேர்ல எழுதிக்குங்க" என்றான் அபெனிசா. திரும்பி அவளைப் பார்க்கவில்லை. பார்த்துத் தொலைத்திருக்கலாம். உட்கார்ந்திருந்த இருபத்தாறு பேருக்கும் ஏழரையோ எட்டோ ஏதோ ஒரு கையெழுத்து காத்திருந்தது. ஒரு நிமிடம் இருக்கைக் கம்பியைப் பிடித்தபடியே இருந்தாள். பிறகு எழுந்தாள்.

"சீக்கிரம் இறங்கும்மா, ஏழாகப் போவுது" என்றது ஒரு முகக்கவசம்.

கீழே இறங்கிக் காவலரிடம் கேட்டாள்: "உள்ள பாதி சீட்டு காலியாத்தானே கிடக்கு?"

"தெரியும்மா. அதுல உக்காரக் கூடாது."

அடுத்த இரண்டு பஸ்களும் பாதி காலியாக, நிற்காமல் போயின. விலிமைனா சுவா பக்கம் நடக்கத் தொடங்கினாள். ஏழு முப்பத்திரண்டுக்குப் பைக்குள் கைபேசி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டாள். எடுக்காதவரை வேலை அவளுடையதுதான்.